ஐந்தைத் தாண்டினால் சொத்தில் பங்கில்லை

ஆகஸ்ட் 3, திங்கள்

ஷூ பாலிஷ் கம்பெனி எங்கள் கடைக்கு இனாமாகக் கொடுத்த டைரி இது. ஏழு மாதமாகக் கல்லா மேஜையின் ஆட்டத்தை நிறுத்தும் உத்தியோகத்தில் இருந்தது. மேஜையை மாற்றியதும் குப்பைக்குப் போக இருந்ததை நான் பொறுக்கிக்கொண்டேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பாதப் பராமரிப்புக் குறிப்பு ஒன்று அச்சாகியிருக்கிறது. இன்றைக்கு: 'உங்கள் பாதங்களுக்கும் ஓய்வு தேவை.' காலை ஒன்பதிலிருந்து நின்றுகொண்டே இருப்பவளிடம் சொல்கிற பேச்சைப் பார்.

இங்கே செப்டம்பரில்தான் பள்ளி திறக்கும், இன்னும் நான்கு வாரம். சீசன் தொடங்கிவிட்டது. மனதில் தோன்றுவதை எல்லாம் வாடிக்கையாளரிடம் சொன்னால் வேலை போய்விடும். அதனால் மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஸ்டாக் ரூமில், பெட்டிகளின் மேல் உட்கார்ந்து இதில் எழுதிக்கொள்ளலாம் என்று இருக்கிறேன்.

பதினோரு வருடமாகக் குழந்தைகள் பிரிவில் இருக்கிறேன். எனக்கென்று ஒரு மூன்று படி மந்திரம் உண்டு. பழைய ஷூ எப்படி இருக்கிறது என்று பிள்ளையிடம் கேள். நுனியைக் கட்டை விரலால் அழுத்திப் பார். அதற்குமேல் ஒரு நம்பர் கூட்டிக் கொடு. ஒரு வருடம் தாங்கும்.

இன்று ஊழியர்களுக்கு மட்டும் போன வருடச் சரக்கு பாதி விலைக்கு. திருப்பி எடுப்பதில்லை, மாற்றுவதும் இல்லை. காலையில் கிளம்பும்போதே வீட்டில் கேட்டுவிட்டேன். மூன்றாம் வகுப்புக்குப் போகிற வாண்டின் ஷூவில் இரண்டு விரல் வெளியே எட்டிப் பார்க்கிறது, அவனைக் கேட்கவே வேண்டியதில்லை. ஒன்பதாம் வகுப்புக்குப் போகிற பெரியவளிடம்,

"உன் நாலு எப்படிடி இருக்கு?"

"சரியா இருக்கும்மா."

"நல்ல பிள்ளை. அஞ்சு வாங்கிடறேன். ஆனா அதோட நின்னுக்கணும். அஞ்சைத் தாண்டினா சொத்துல பங்கு கிடையாது."

இது எங்கள் வீட்டில் பழைய ஜோக். எங்கள் கடையில் ஐந்து வரைக்கும் குழந்தைகள் பிரிவு. ஆறு என்றால் எதிர்வரிசையில் லேடீஸ் செக்‌ஷன். அதே கறுப்புத் தோல், அதே பக்கிள், நடுவே நாலடி நடைபாதை. தாண்டினால் விலை இரண்டு மடங்கு. சொத்து என்று எங்களிடம் இருப்பது ஒரு கிழட்டு ஸ்கூல் வேனும் ஒரு தையல் மிஷினும். அந்த வேனை ஓட்டுகிற என் வீட்டுக்காரர், அதாவது வேன்காரர், எப்போதும் போலச் சிரித்தார். பெரியவளும் நாற்காலிக்கு அடியில் காலை இழுத்துக்கொண்டு சிரித்தாள்.

ஆகஸ்ட் 4, செவ்வாய்

ஷூக்களைக் கொடுத்தேன். வாண்டு போட்டுக்கொண்டு கட்டில்மேல் ஏறிக் குதித்தான், அடி வாங்கினான். பெரியவள் நாலடி நடந்து காட்டி, "லூசாவே இருக்கும்மா. அடுத்த வருஷமும் இதையே போடலாம்" என்றாள். வயிற்றில் பால் வார்த்தாள். பாதி விலையில் இரண்டு வருடம்! என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன், வேறு யார் மெச்சுவார்கள்.

ஆகஸ்ட் 5, புதன்

பள்ளியிலிருந்து பட்டியல் வந்துவிட்டது. இரண்டு பிள்ளைக்கும் சேர்த்து ஐந்து பக்கம். எங்கள் கல்யாணத்துக்கு எழுதின சாமான் பட்டியல்கூட இத்தனை நீளமில்லை.

ஒன்பதாம் வகுப்புக்குக் கோந்து நான்கு. பள்ளிக்கூடத்தையே ஒட்டப் போகிறார்களா? வாண்டுக்கு டிஷ்யூ பெட்டி ஆறு. என் பிள்ளைக்கு ஒரு மூக்குதான். ஸ்கேல் மரத்தில்தான் இருக்க வேண்டும், பிளாஸ்டிக் கூடாது. எதற்கு என்று காரணம் எழுதவில்லை. எனக்குத் தெரியும் எதற்கென்று, நானும் பள்ளிக்கூடம் போனவள்தான்.

வேன்காரர் இரண்டாம் பக்கத்திலேயே கண்ணாடியைக் கழற்றிவிட்டார். அவர் பிழைப்பு அப்படி. பள்ளி இருந்தால்தான் வேன் ஓடும், வேன் ஓடினால்தான் காசு. இரண்டரை மாதம் லீவு விட்டு, கையிருப்பைத் துடைத்து, அது முடிகிற நேரம் பார்த்துப் பட்டியலை நீட்டுவார்கள். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? இவர் எங்கும் போகாத வேனைத் தினம் கழுவிக்கொண்டிருக்கிறார். பெயிண்ட் தேய்ந்து வேறு நிறம் வருகிறது.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

வேன்காரர் காலையில் எங்கோ போய்விட்டு, காசு மிச்சம் பிடித்த முகத்தோடு வந்தார். அந்த முகத்தைப் பார்த்தாலே நான் பர்ஸை எண்ணிப் பார்ப்பேன். மூடப்போகிற ஒரு கடையில் நோட்டுப் புத்தகம் அடிமாட்டு விலை. அறுபது! கட்டுக் கட்டாகக் கயிறு போட்டு.

"பிரிச்சுப் பார்த்தீங்களா?"

"மேல இருந்ததைப் பார்த்தேன். கோடு போட்டது. நல்ல பேப்பர்."

மேலே இருந்தது கோடு போட்டதுதான். ஒவ்வொரு கட்டிலும் மேலே ஒன்று. அதற்கு அடியில் இருந்ததெல்லாம் கட்டம். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை குட்டிக் குட்டியாய்ச் சதுரம். கிராஃப் நோட்டு ஐம்பத்து நான்கு.

பெரியவள் சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்துவிட்டாள். வாண்டு உடனே ஒன்றை எடுத்து, கட்டத்துக்கு ஓர் எழுத்தாகத் தன் பெயரை எழுதினான். அரைப் பக்கம் போயிற்று.

ஆகஸ்ட் 10, திங்கள்

"உள்ள என்ன இருக்குன்னு பார்க்காம வாங்குற மனுஷன் உலகத்துல உண்டா?" இதை இன்று காலை மட்டும் நான்கு முறை சொன்னேனாம். வாண்டு எண்ணியிருக்கிறான்.

ஆகஸ்ட் 12, புதன்

ஊழியர் ஷூ கொடுத்தார்கள். வருடத்துக்கு ஒரு ஜோடி, கறுப்பு, எந்த அலங்காரமும் இல்லாதது. கடையில் நிற்கும்போது இதைத்தான் போட வேண்டும் என்பது சட்டம். என் நம்பர் ஆறு. போன வருடத்து ஜோடியின் வலது கால் முன்பக்கம் வாயைப் பிளக்க ஆரம்பித்துவிட்டது. ஆனாலும் சீசன் கூட்டத்தில் புதிதைப் போட்டால் ஆயிரம் பேர் மிதிப்பார்கள். பெட்டியோடு வீட்டில் வைத்திருக்கிறேன். மாதக் கடைசியில் சாவகாசமாகப் போட்டுக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 15, சனி

நிற்க நேரமில்லை. அதாவது, உட்கார நேரமில்லை.

ஓர் அப்பா தன் பையனுக்கு மூன்று நம்பர் பெரிதாகக் கேட்டார். முன்பக்கம் பஞ்சு அடைத்துக்கொள்ளலாமாம். "காலுக்குத்தான் சார் ஷூ, ஷூவுக்காகக் கால் இல்ல" என்று ஐந்து நிமிடம் வகுப்பு எடுத்தேன். அடுத்த அம்மா, பிள்ளை அழுதுகொண்டிருக்கும்போதே பழைய நம்பரையே கேட்டாள். அவளுக்கும் ஐந்து நிமிடம். புதிதாகச் சேர்ந்த பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, நீங்க டாக்டருக்குப் படிச்சிருக்கணும்" என்றாள். அடக்கமாகத் தலையை ஆட்டிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 19, புதன்

இந்த வாரம் எனக்கு விடுமுறை இன்றைக்கு. மிஷினைத் துடைத்து உட்கார்ந்தேன். புது யூனிஃபார்ம் எடுப்பதில்லை என்று முடிவு. பெரியவளின் பாவாடை மடிப்பைப் பிரித்து நான்கு விரல் இறக்கினேன். நான்கு விரல்! ஒரே வருடத்தில். இவள் என்ன தென்னங்கன்றா? பழைய மடிப்பு இருந்த இடத்தில் ஒரு கோடு தெரிகிறது. அதன்மேல் ஒரு பட்டை நாடா வைத்துத் தைத்துவிட்டேன். கேட்டால் டிசைன் என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

பை பழையதுதான். ஜிப்புக்கு மெழுகு தேய்த்தாயிற்று. "புதுப் பை வேணுமாடி?" என்று சும்மா ஒரு வார்த்தைக்குக் கேட்டேன். "வேண்டாம்மா, இது நல்லாத்தானே இருக்கு" என்றாள். வாண்டு ஒரு நாளைக்கு ஒன்பது சாமான் கேட்கிறான். இவள் எதுவுமே கேட்பதில்லை. தங்கமான பிள்ளை.

ஆகஸ்ட் 22, சனி

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

சாப்பாட்டு டப்பாவை வீட்டில் மறந்துவிட்டேன். பெரியவள் எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். பழகட்டும் என்று புது ஷூவைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

நான் அப்போது பச்சைக் குடை வைத்திருந்த ஓர் அம்மாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அந்தம்மா தன் மகளுக்கு மலிவு மாடலில் ஐந்து கேட்டார். அந்த ஐந்து தீர்ந்துவிட்டது. நான்கே போதும், பிள்ளையே சரியாக இருக்கிறது என்று சொல்கிறாள் என்றார். நான் விடுவேனா? "பிள்ளைங்க சொல்றதை நம்பாதீங்கம்மா. அழுத்திப் பாருங்க. பெத்தவங்க நாமதான் பார்க்கணும்."

பின்னால் புதுப்பெண், "அக்கா, உங்க பொண்ணு காலை அளந்து பழகிக்கட்டுமா?" என்றாள்.

"அளந்துக்கோ. நாலரை வரும்" என்றேன், திரும்பாமலே.

"வேணாம்க்கா" என்று பெரியவளின் குரல். வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு தடவை. பிறகு சத்தம் இல்லை. திரும்பினேன். ஷூவும் சாக்ஸும் கழற்றி, அளவுப் பலகை மேல் கால் இருந்தது. இரண்டு கட்டை விரல் நகமும் கறுப்பு. மை கொட்டின மாதிரி. சின்ன விரல் பக்கத்து விரல்மேல் ஏறிப் படுத்திருக்கிறது. குதிகாலில் தோல் உரிந்து காய்ந்த இடம்.

"அக்கா… ஆறு" என்றாள் புதுப்பெண், மெதுவாக.

பச்சைக் குடை அம்மா குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். திட்டிவிட்டுப் போயிருந்தால்கூடத் தேவலை.

ஸ்டாக் ரூமுக்குக் கூட்டி வந்தேன்.

"எப்போலேர்ந்துடி?"

"நாலு போட்டப்பவே கொஞ்சம் இறுக்கம்தான்மா. நாலுக்கு அப்புறம் அஞ்சு நல்லாத்தான் இருந்துச்சு. பொய் சொல்லல."

"ஏன்டி சொல்லல?"

"நீதான் சொன்னியே, அஞ்சைத் தாண்டினா…"

"அது விளையாட்டுக்குடி."

"தெரியும்மா. விலை விளையாட்டு இல்லையே."

போய்விட்டாள். டப்பாவைத் திறக்கவில்லை. பதினோரு வருஷமா ஊர்ப்பட்ட பிள்ளைங்க கட்டை விரலையெல்லாம் அழுத்தியிருக்கேனே, என் பிள்ளை விரலை ஒரு தடவை அழுத்தினேனா? கேட்டேன், கூட்டினேன். நடுவுல இருக்கிறதை விட்டுட்டேன். பாவாடைய நாலு விரல் இறக்கினவளுக்குக் கால் மட்டும் அப்படியே இருக்கும்னு எப்படித் தோணுச்சு? ஊருக்கு உபதேசம் பண்ற வாய். அந்த வாயாலதான் ஜோக்கும் அடிச்சேன். ஒவ்வொரு தடவையும் அவ காலை உள்ள இழுத்துக்கிட்டா. நான் பார்த்தேன், பார்த்துட்டுச் சிரிச்சேன்.

இன்றைய குறிப்பு: 'நகங்களை நேராக வெட்டவும்.' மூடு.

ஆகஸ்ட் 23, ஞாயிறு

வேன்காரரிடம் சொன்னேன். கிராஃப் நோட்டுக்காக இரண்டு வாரம் அவரை வறுத்தெடுத்தவள் நான். 'உள்ள என்ன இருக்குன்னு பார்க்காம வாங்குற மனுஷன் உலகத்துல உண்டா' என்று திருப்பிக் கொடுப்பார் என்று காத்திருந்தேன். கொடுத்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

அவர் தரையில் உட்கார்ந்து, மகள் காலை மடியில் வைத்துப் பார்த்தார். "நானும்தான் பார்க்கல. வேன்ல ஏறும்போது லேசா நொண்டுவா. ஏதோ ஸ்டைலுன்னு நெனச்சேன்" என்றார்.

பெரியவள் சிரித்துவிட்டாள். நான் எழுந்து குழாயடிக்குப் போய்விட்டேன். வெங்காயம் நறுக்கினேன் என்று சொல்லலாம், ஆனால் குழாயடியில் யார் வெங்காயம் நறுக்குவார்கள்.

ஆகஸ்ட் 24, திங்கள்

லேடீஸ் செக்‌ஷனில் ஆறு எடுத்துப் பார்த்தேன். ஊழியர் தள்ளுபடி போக மீதி விலையைப் பார்த்தேன். அதே இடத்தில் திருப்பி வைத்தேன். பட்டியலில் பாதி இன்னும் வாங்கவில்லை.

பிறகுதான் உறைத்தது. ஆறு. என் நம்பர்.

சாயந்திரம் ஊழியர் ஷூ பெட்டியை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். கறுப்பு, சாதா, பள்ளிச் சட்டத்துக்கும் சரி. போட்டாள். இந்த முறை மண்டியிட்டு அழுத்தினேன். இரண்டு காலும். அரை விரல் இடம்.

"அப்போ நீ என்ன போடுவே?"

"போன வருஷத்தது."

"அது வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குதும்மா."

"வலிச்சா வாயைத் திறக்கணும்னு அதுக்காவது தெரியுதே."

அவளுக்குக் கோபம் வந்தது. அம்மாவுடையதைப் பிடுங்கிக்கொண்டு போக மாட்டேன் என்றாள். ஒரு மணி நேரம் இழுபறி. கடைசியில் வேன்காரர், "வாங்கிக்கடி. அவ வாய் கிழிஞ்சாலும் ஒட்டப் பசை இருக்கு, கடையிலேயே" என்றார். எனக்கும் ஷூவுக்கும் சேர்த்துத்தான் சொன்னார்.

ஆகஸ்ட் 25, செவ்வாய்

பச்சைக் குடை அம்மா மறுபடி வந்தார், மகளோடு. பக்கத்தில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, "ஏம்மா, அந்த அஞ்சு உன் பொண்ணுக்கு ஆகாதுல்ல?" என்றார்.

கடைக்குள் பேசக் கூடாது. மதியம் பின்பக்கப் படியில் வியாபாரம் நடந்தது. நான் கொடுத்த பாதி விலையைச் சொன்னேன். மூன்று வாரம் போட்டது என்று அவர் குறைத்தார். வெளியே ஒரே ஒரு தடவைதான் போட்டது என்று நான் ஏற்றினேன். பதினோரு வருடத்தில் இப்படிப் பேரம் பேசும் ஆளைப் பார்த்ததில்லை. என் கூடப் பிறந்திருக்க வேண்டியவர்.

காசு கை மாறும் முன் அந்தப் பெண்ணைப் படியில் உட்கார வைத்து அழுத்திப் பார்த்தேன். சரியாக இருந்தது. சரியில்லாமல் இருந்திருந்தால் விற்றிருக்க மாட்டேன். சரி, விற்றிருப்பேனோ என்னவோ. சொல்லிவிட்டு விற்றிருப்பேன்.

போகும்போது அந்தம்மா, "எனக்கும் வீட்டுக்குப் போய்ப் பார்த்தப்பதான் தெரிஞ்சுது. இவ நாலு சரியா இருக்குன்னு சொன்னதும் புளுகுதான்" என்றார்.

அந்தக் காசில் சாக்ஸ் இரண்டு ஜோடி, நகத்துக்கு மருந்து, மரத்தில் ஒரு ஸ்கேல்.

ஆகஸ்ட் 29, சனி

நோட்டுக்கெல்லாம் அட்டை போட்டோம். வேன்காரர் மூலை மடிப்பதில் மன்னன், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். கோந்து இரண்டுதான் வாங்கினோம். பள்ளிக்கூடம் பாதி மட்டும் ஒட்டிக்கொள்ளட்டும்.

ஒரு வாரமாக நான் ஜோக் அடிக்கவில்லை. வாண்டு நெற்றியைத் தொட்டுப் பார்த்து, காய்ச்சலா என்று கேட்டான்.

ஆகஸ்ட் 31, திங்கள்

மேலாளர் என் காலைப் பார்த்துவிட்டார். ஒட்டின இடத்தில் பசை மஞ்சளாகத் தெரிகிறது.

"என்னம்மா, புது ஷூ எங்கே?"

"இறுக்குது சார். கால் வளர்ந்துடுச்சு."

"இந்த வயசுலயா?"

"எங்க வீட்ல எல்லாருக்கும் அப்படித்தான் சார். சொல்லாமக் கொள்ளாம வளர்ந்துடுது."

புதுப்பெண் முகத்தைப் பெட்டிக்குள் விட்டுக்கொண்டாள். 'நாளைக்குள்ள பாலிஷாவது போடு' என்று சொல்லிவிட்டுப் போனார். மாத்தி ஏழு கொடுக்கிறேன் என்று சொல்லவில்லை, நல்ல வேளை.

செப்டம்பர் 1, செவ்வாய்

பள்ளி திறந்தது. வேன் இரண்டரை மாதத்துக்குப் பிறகு உறுமிக்கொண்டு கிளம்பியது. பெரியவள் படியில் ஏறினாள். நொண்டவில்லை. "ஸ்டைல் போயிடுச்சே" என்றார் வேன்காரர், ஓட்டுநர் இருக்கையிலிருந்து.

நான் வாசலிலேயே நின்று கை காட்டினேன். வலது காலில் காற்று நன்றாக வருகிறது.

செப்டம்பர் 17, வியாழன்

கட்டம் போட்ட நோட்டில் எண்கள் ஒன்றின்கீழ் ஒன்று நேராக நிற்கின்றன என்று வாண்டின் கணக்கு டீச்சர் பாராட்டி, வகுப்புக்கே வாங்கச் சொல்லியிருக்கிறார். வேன்காரர் வேனில் வரும் பிள்ளைகளுக்கே முப்பது நோட்டை விற்றுவிட்டார். இனி இவரைக் கையில் பிடிக்க முடியாது.

டிசம்பர் 10, வியாழன்

இன்று வார விடுமுறை. துணி மடித்துக்கொண்டிருந்தேன். பெரியவள் பள்ளியிலிருந்து வந்தாள், பையைப் போட்டாள், ஒரு காலைத் தூக்கி நேராக என் மடியில் வைத்தாள். ஷூவோடு. மடித்த துணியின் மேல்.

"அம்மா, இறுக்குது."

கை வேலையை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன்.

"மூணு நாளா இறுக்குது. அரை நம்பர் ஏறிட்டேன்னு நெனக்கிறேன். சாக்ஸ் ரெண்டும் ஓட்டை. பையில ஜிப் போயிடுச்சு, மெழுகெல்லாம் சரிப்படாது, புதுசு வேணும். சொத்துல பங்கு வேணாம், தம்பிக்கே எழுதிக் குடு. எனக்கு ஷூ வாங்கிக் குடு."

கட்டை விரலால் அழுத்தினேன். நிஜமாகவே இறுக்கம். பொய் இல்லை.

மாதக் கடைசி வரைக்கும் கையில் காசில்லை. ஷூ, சாக்ஸ், பை, மூன்றும் ஒரே மூச்சில் கேட்கிறாள், கொஞ்சமும் கூச்சமில்லாமல். இருந்த சந்தோஷத்தில் அழுக்குத் துணியையும் சேர்த்து மடித்து அலமாரியில் வைத்துவிட்டேன்.